சுந்தரவல்லியின் புருஷன் திரும்பி வந்தான்

எனக்குப் படம் பார்ப்பது பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காசைக் கொடுத்து இருட்டுக்குள் இருந்து, யாரோ அழுவதைப் பார்த்து அழவேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அழுவதற்கு வீட்டிலேயே போதிய வசதி இருந்தது. அப்படிப்பட்ட நான் ஒரு படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் கமலாசனி. உருத்திரபுரத்தில், எட்டாம் வாய்க்கால் குடியேற்றத்தில், என் காணிக்கு அடுத்த காணிக்காரி அவள்.

நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்தவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் என்று சொல்லி அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்தது. வயல் ஒரு துண்டு, வீடு கட்ட மேட்டுக்காணி ஒரு துண்டு. ஊரில் ஒரு பரப்பு நிலத்துக்குள் நாலு சகோதரங்கள் வேலிக்காக அடிபட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது கண்கொள்ளாத காணி. பாம்பும் யானையும் காய்ச்சலும் காணியோடு சேர்த்து இனாமாக வந்தன. கமலாசனியின் புருஷன் தில்லைநாதனும் அவனுடைய அண்ணன் வீரகத்தியும் ஒரே நாளில் காணி எடுத்தவர்கள். அண்ணனுக்குப் பத்தாம் வாய்க்காலில் கிடைத்தது, தம்பிக்கு எட்டில். தாய் நாகமுத்தாச்சி இளையவனோடு வந்து இருந்தா.

கமலாசனி சுழிபுரத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தது ஐம்பத்துமூன்றாம் ஆண்டு. தில்லைநாதன் அதிகம் கதைக்கமாட்டான். ஆனால் அவள் கதைக்கும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். என் மனுசன் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வருஷம்தான் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டு, அரிவி வெட்டி நெல் வீடு வந்த கையோடு, தில்லைநாதன் இரண்டு பேருடன் துணுக்காய்ப் பக்கம் காட்டுக்கு முதிரை மரம் வெட்டப் போனான். ஒருநாள் விடியற்காலை வண்டில் மாடுகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டன. தேடிக்கொண்டு வருகிறேன் என்று கத்தியோடு போனவன் திரும்பி வரவில்லை. மாடுகள் இரண்டும் மறுநாள் தாமாகவே வந்து வண்டிலடியில் நின்றன.

ஊரே திரண்டு தேடியது. பொலிஸ் வந்தது. காட்டு வழி தெரிந்த வேட்டைக்காரர் இருவர் வந்தார்கள். ஒரு துணித் துண்டுகூட அகப்படவில்லை. கரடி என்றார்கள், யானை என்றார்கள். வவுனியாவில் யாரோடோ இருக்கிறான் என்று கமலாசனியின் முகத்துக்கு நேரேயே சொன்ன புண்ணியவதிகளும் எங்கள் வாய்க்காலில் உண்டு. அவள் ஒன்றுக்கும் அழவில்லை. "அவர் வருவார்" என்றாள். குங்குமத்தை விடவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மற்றப் பெண்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அவளுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நாற்று நடும்போதுதான் தெரிந்தது. ஒரு படத்திலிருந்து வந்தது.

எட்டு வயதில் பெரியம்மாவோடு யாழ்ப்பாணம் பட்டணத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தாளாம். வாழ்நாளில் அவள் பார்த்த ஒரே படம் அதுதான். படத்துக்கு ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைச் சுந்தரவல்லி படம் என்றுதான் சொன்னோம், ஏனென்றால் அதில் வருகிற பெண்ணின் பெயர் சுந்தரவல்லி. அவளுடைய புருஷன் கப்பலில் வியாபாரத்துக்குப் போகிறான். பன்னிரண்டு வருஷம் வருவதில்லை. ஊர் அவளை ஏசுகிறது. ஒரு பணக்காரன் அவளை வளைத்துப்போடப் பார்க்கிறான். உன் புருஷன் செத்துப்போனான் என்று பொய் சொல்ல ஆள் அனுப்புகிறான். அவள் நம்புவதில்லை. ஆற்றங்கரையில் போய்ப் போய் இருக்கிறாள். கடைசியில் ஒருநாள் பனி மூடிக் கிடக்கும்போது புருஷன் நடந்து வருகிறான். "வல்லி, வந்துவிட்டேன்" என்கிறான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

"பனியெண்டால் எங்கடை மார்கழிப் பனி மாதிரியோ?" என்று ஒருத்தி கேட்பாள்.

"அதைவிடக் கூட. கால் தெரியாது" என்பாள் கமலாசனி.

நாற்று நடுகிற பெண்களுக்கு வாய் சும்மா இருந்தால் இடுப்பு நோவது தெரியும். அதனால் ஒவ்வொரு போகமும் "எடி கமலா, சுந்தரவல்லியை விடன்" என்று கேட்டு அவளைச் சொல்லவைப்போம். சொல்லச் சொல்லப் படம் வளர்ந்தது. முதல் வருஷம் இல்லாத காகம் மூன்றாம் வருஷம் வந்தது. தனக்கு இருக்கிற ஒரு பிடி சோற்றைச் சுந்தரவல்லி காகத்துக்கு வைத்து, புருஷனிடம் போய்ச் சொல்லு என்பாள். அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சீறுவார்கள். படத்தில் ஒரு பொல்லாத மாமியாரும் இருந்தாள். ஆனால் நாகமுத்தாச்சி வரம்பில் வந்து குந்திக்கொண்டால் அந்த மாமியார் உடனே பக்கத்து வீட்டுக்காரியாக மாறிவிடுவாள். நாங்கள் குனிந்துகொண்டு சிரிப்போம்.

நாகமுத்தாச்சி சிரிக்கமாட்டா. அவவுக்கு வேறு துன்பம். அவவின் கனவில் மகன் வந்து முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்டான். தண்ணீர்ச் சருவத்தை எடுத்துக்கொண்டு போனால் ஆள் இல்லை. இந்தக் கனவு வருஷக்கணக்காக வந்தது. இடையில் கண் இரண்டிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டது. பகலில் ஒன்றும் தெரியாத கண்ணுக்கு இரவில் மகன் மட்டும் தெரிந்தான். நித்திரை கொள்ளப் பயந்து, விடியுமட்டும் பாயில் குந்திக்கொண்டிருப்பா.

உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு எங்களில் ஒரு முறை உண்டு. தர்ப்பைப் புல்லால் உருவம் கட்டி, அதைப் பிரேதமாகப் பாவித்துக் கொள்ளி வைத்து, அந்தியேட்டி என்ற முடிவுக் கிரியை செய்து, தண்ணீர் இறைப்பது. அதைச் செய்தால்தான் போன உயிருக்குத் தாகம் தீரும் என்பார்கள். பன்னிரண்டு வருஷம் பொறுக்கவேண்டும் என்றார் ஒரு ஐயர். ஏழு வருஷம் போதும் என்றார் இன்னொரு ஐயர். வீரகத்தி இரண்டாவது ஐயரைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். வருகிற சம்பந்தம் எல்லாம், செத்த வீடா இருக்கிற வீடா என்று தெரியாத குடும்பம் என்று விலகிப் போனது. அவனைப் பேராசைக்காரன் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அவனும் தம்பியைத் தேடிக் காட்டில் காய்ச்சல் பிடித்துக் கிடந்தவன்தான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி அமாவாசைக்குக் காரியம் செய்வதென்று வீரகத்தி ஐயரிடம் நாள் வாங்கிவிட்டான். கமலாசனி மாட்டேன் என்றாள். உருவத்துக்குக் கொள்ளி வைத்தால் பெண்சாதி தாலி கழற்றவேண்டும். அவள் சம்மதிக்காமல் எப்படிச் செய்வது?

"தாலியைக் கழட்டினாப் பிறகு அவர் படலையிலை வந்து நிண்டால் நான் என்ன முகத்தோடை நிக்கிறது, பெரியத்தான்?" என்று வீரகத்தியிடம் கேட்டாள்.

"ஏழு வருஷமடி பிள்ளை" என்றா நாகமுத்தாச்சி. "என்ரை பிள்ளை தண்ணியில்லாமல் அலையிறான். உனக்கு அது விளங்கேல்லையே?"

"சுந்தரவல்லி பன்னிரண்டு வருஷம் இருந்தவள், மாமி."

"உன்ரை சுந்தரவல்லியும் நீயும்!" என்று ஆச்சி மண்ணை அள்ளி எறிந்தா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அப்போது ஆத்திரம்தான் வந்தது. ஒரு படத்தை நம்பி ஒரு தாயைக் கொல்லுகிறாளே என்று நினைத்தேன்.

அமாவாசைக்கு முன்பு, சிறுபோகம் கதிர் தள்ளுகிற நேரம், கிளிநொச்சியில் கொட்டகை போட்டார்கள். அந்தப் படக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். புதுப்படம் எல்லாம் பட்டணத்தில் ஓடி முடிந்து தேய்ந்தபிறகும் எங்களுக்கு வராது. எங்களுக்கு வருவது அதற்கும் முந்தியவை. ஒலிபெருக்கி கட்டிய கார் வாய்க்கால் ரோட்டால் அலறிக்கொண்டு போனது. நான் குசினிக்குள் நின்றேன். கமலாசனி வயலில் நின்றவள் அப்படியே சேற்றுக்காலோடு ஓடிவந்தாள்.

"அக்கா, வந்திட்டுது! வந்திட்டுதக்கா!"

அவள் முகத்தைப் பார்த்ததும் தில்லைநாதன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து என் கையிலிருந்த அகப்பை விழுந்துவிட்டது. அவள் சொன்னது சுந்தரவல்லி படத்தை.

அன்று பின்னேரம் மாமியும் மருமகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆச்சிதான் கேட்டா. "நானும் வாறன். கண் தெரியாட்டியும் காது கேக்கும்தானே. நீ ஏழு வருஷமாச் சொல்லுற கதை உண்மையோ பொய்யோ எண்டு நானே கேக்கிறன். அவளின்ரை புருஷன் வந்தானெண்டால் நானும் உன்னோடை பாத்திருக்கிறன். வராட்டி அமாவாசைக்கு நீ தாலியைக் கழட்ட வேணும்."

"சரி மாமி" என்றாள் கமலாசனி. கொஞ்சமும் யோசிக்கவில்லை. வீரகத்திக்கு இது பைத்தியக்கார வேலையாகப் பட்டது. ஆனாலும் ஏதோ ஒரு வழியாக முடிவு வரட்டும் என்று வண்டிலைக் கட்டினான். ஆச்சியைப் பிடித்து இறக்க ஏற்ற இன்னொரு பெண் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரக் காட்சி. கிடுகுக் கொட்டகையை இருட்டாக்குவதற்காகச் சுற்றிவரக் கறுப்புச் சீலை கட்டியிருந்தார்கள். உள்ளே பாண் சுடும் போறணைபோல வெக்கை. சீலையில் இருந்த ஓட்டைகளால் வெயில் புகுந்து, திரையில் நின்ற ஆட்களின் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பெண்கள் ஒரு பக்கம் மணலில், ஆண்கள் மறுபக்கம். எங்கள் வாய்க்காலில் நாற்று நடுகிற பெண்கள் அநேகமாக எல்லோரும் வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் காதால் கேட்ட சுந்தரவல்லியைக் கண்ணால் காண அவர்களுக்கும் ஆசை. கமலாசனி நடுவில், ஆச்சி அவள் தோளோடு, மறுபக்கம் நான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. பெரிய கப்பல் என்று கமலாசனி சொன்னது தொட்டித் தண்ணீரில் மிதந்த விளையாட்டுக் கப்பல். அலைக்கு யாரோ தொட்டியைக் கையால் தட்டியது நன்றாகத் தெரிந்தது. புருஷனாக வந்தவருக்கு வயது ஐம்பது இருக்கும். முகத்தில் மாவும் உதட்டில் சாயமுமாக நின்று, போகப்போகிறேன் என்று பாடினார். பாடி முடிந்து போவார் என்று பார்த்தால் மறுபடியும் பாடினார். "போய்த் துலை, கப்பல் விட்டிடும்!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். சுந்தரவல்லி கிணற்றில் தண்ணீர் அள்ளவும் ஒரு பாட்டு, வாளி அறுந்து விழவும் ஒரு பாட்டு. எங்கள் பெண்கள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

கமலாசனிக்கு முகம் வாடிப்போனது. "அந்தக் காலத்திலை இது பெரிசாத் தெரிஞ்சது அக்கா" என்று என் காதுக்குள் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் அவளுக்குள் இருந்து அந்தக் கப்பல் வளர்ந்திருந்தது, திரையில் கிடந்தது வளரவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆச்சி ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தா. "ஆர் இந்தப் பேய், அவளைப் பிடிச்சுத் தின்னுறது?"

"பக்கத்து வீட்டுக்காரி, மாமி."

"பின்னை ஏன் அவளை மாமியெண்டு கூப்பிடுறாள்?"

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி, "காகம் எங்கையடி? காகத்துக்குச் சோறு வைக்கிற இடம் இன்னும் வரேல்லையே" என்றா.

"வெட்டிப்போட்டாங்கள் போலை, மாமி."

பிறகு ஒரு மாலுமி வந்தான். கப்பல் கடலில் மூழ்கிவிட்டது, உன் புருஷனும் போய்விட்டான் என்று சுந்தரவல்லியிடம் சொன்னான். ஆச்சியின் கை கமலாசனியின் தொடையை இறுக்கிப் பிடித்தது. "பொய், மாமி. இவன் அந்தப் பணக்காரன் அனுப்பின கள்ளன்" என்றாள் கமலாசனி. ஏழு வருஷம் எங்களுக்குச் சொன்னதும் அதைத்தான். நான் திரையைப் பார்த்தேன். அந்த மாலுமியைப் பணக்காரன் அனுப்பியதாக ஒரு காட்சியும் வரவில்லை. அவன் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கூலிக்குப் பொய் சொல்ல வந்தவன் அப்படி அழமாட்டான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது.

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. சுந்தரவல்லி ஆற்றங்கரைக்கு வந்தபோது கொட்டகை அமைதியாக இருந்தது. அவள் சாப்பிடாமல் எலும்பாகிப் போயிருந்தாள். மணலில் சாய்ந்தாள். தலை ஒரு பக்கம் விழுந்தது. கையிலிருந்த விளக்கு தானாக அணைந்தது. அதன் பிறகுதான் பனி வந்தது. பனி அல்ல அது. முகில். அவளுடைய உடம்பு கீழே மணலில் கிடக்க, அந்த உடம்புக்குள்ளிருந்து கண்ணாடிபோல இன்னொரு சுந்தரவல்லி எழுந்தாள். முகிலுக்குள்ளிருந்து புருஷன், தலையைச் சுற்றி வெளிச்சத்தோடு, "வல்லி, வந்துவிட்டேன்" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். கீழே அவளைப் பார்த்து ஊர் அழுதது.

எங்கள் பெண்கள் எல்லோரும் கமலாசனியைப் பார்க்காமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் ஒருநாளும் அப்படி ஒரு முகத்தைக் கண்டதில்லை. செத்த செய்தி கேட்ட பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் கத்துவார்கள். இவளுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு ஆள்கூட வரவில்லை. நூறு பேருக்கு நடுவில் இருந்து தானே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஆச்சிக்கு முகில் தெரியவில்லை. மணலில் கிடந்த உடம்பு தெரியவில்லை. அவவுக்குக் கேட்டது அந்தக் குரல் மட்டும்தான். கமலாசனியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டா.

"அவன்ரை குரலெல்லே? வந்திட்டேன் எண்டானே! பிள்ளை, வந்திட்டானோ?"

கமலாசனி திரையிலிருந்து முகத்தைத் திருப்பி ஆச்சியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஓம் மாமி. வந்திட்டார்."

திரும்பி வரும்போது வெயில் இன்னும் போகவில்லை. வண்டிலுக்குள் ஆச்சி சின்னப் பிள்ளைபோலக் கதைத்துக்கொண்டு வந்தா. "வீரகத்தி, அமாவாசைக் காரியம் வேண்டாம். ஐயரிட்டைச் சொல்லிவிடு. நான் இவளைப் பொய்காரி எண்டு நினைச்சிருந்தன். அவன் வந்திட்டானடா."

வீரகத்தி மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான். அவனும் ஆண்கள் பக்கத்தில் இருந்து முழுப்படமும் பார்த்தவன். "அம்மா, அது வந்ததில்லை. அவள் செத்துப்போனாள். ரெண்டு பேரும் மோட்சத்துக்குப் போறதைத்தான் காட்டினவங்கள்."

"தம்பியைச் சாக்காட்ட உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்?" என்றா ஆச்சி. "காணியோ? அவன்ரை காணியிலை கண்ணோ உனக்கு?"

வீரகத்தியின் முகம் கறுத்துப்போனது. அவன் கமலாசனியைப் பார்த்தான். நீ சொல்லு என்று கேட்கிற பார்வை அது. ஆச்சியும் அதையே கேட்டா. "நீ சொல்லு பிள்ளை. ஆர் சொல்லுறது உண்மை?"

அவள் என்ன சொல்வாள்? ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்தரம் அந்தக் கிழவியின் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "நான் சொன்னதுதான் மாமி" என்றாள். வீரகத்தி மாட்டுக்கு அடித்த அடியில் வண்டில் ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது. அமாவாசை அன்று காரியம் நடக்கவில்லை, அவன் யார் வீட்டுக்கும் போகவில்லை.

அன்று இரவு ஆச்சி நித்திரை கொண்டா. அடுத்த நாளும் கொண்டா. தண்ணீர் கேட்ட மகன் கனவில் வருவது நின்றுபோனது. அவவுக்கு உடம்பு தேறியது. கமலாசனிக்கு நித்திரை போனது.

ஒருநாள் வாய்க்கால் கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவர் இல்லை. எனக்குத் தெரியும், அவர் இல்லை. நான் காரியம் செய்ய வேணும். அவருக்குத் தண்ணி குடுக்க வேணும்." தாலிக்கொடியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மாமியிட்டைச் சொல்லன்" என்றேன்.

"சொன்னனான். நேற்றுச் சொன்னனான்."

"என்ன சொன்னவா?"

"சிரிச்சவா. 'உனக்கு மனம் தளர்ந்திட்டுது பிள்ளை. பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளை நானே காதாலை கேட்டனான்' எண்டு என்னைத் தேத்திறா. படத்திலை செத்தவள் மாமி எண்டன். 'அப்ப, இவ்வளவு காலமும் நீ சொன்னதெல்லாம் பொய்யோ?' எண்டு கேட்டா. அப்பிடிக் கேக்கேக்கை அவாவின்ரை கை குளிர்ந்துபோச்சு, அக்கா. நான் பயந்துபோனன். இல்லை மாமி, சும்மா சொன்னனான் எண்டிட்டன்."

அழு என்றேன் நான். இங்கே யாரும் இல்லை, அழுதுவிட்டுப் போ. அவளால் முடியவில்லை. எங்களில் அழுகைக்கும் ஒரு இடம் உண்டு, ஒரு நாள் உண்டு. பிரேதத்தைச் சுற்றி இருந்து, பெண்கள் கட்டிப்பிடித்து, சொல்லிச் சொல்லி அழவேண்டும். வாய்க்கால் கட்டில் தனியே நின்று எப்படி அழுவது? புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு எப்படி அழுவது?

ஆச்சி அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாலு வருஷம் இருந்தா. காலையில் எழும்பியதும் முதல் வேலை, மருமகளைக் கூப்பிட்டு நெற்றியைத் தடவிப் பார்ப்பது. குங்குமம் விரலில் ஒட்டவேண்டும். பிறகு கழுத்தைத் தடவிக் கொடியைத் தொட்டுப் பார்ப்பா. "அவன் வரேக்கை நீ இப்பிடி நிக்க வேணும்" என்பா. தாகம் தீராத மகன் இப்போது கமலாசனியின் கனவுக்கு வரத் தொடங்கினான் என்று அவள் எனக்குச் சொன்னாள். தாயிடம் போகாமல் அவளிடம் வந்து தண்ணீர் கேட்டானாம்.

அந்த மாரியில் காலபோகத்துக்கு நாற்று நட்டபோது ஆச்சி வரம்பில் வந்து இருந்தா. நாங்கள் யாரும் சுந்தரவல்லியைக் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள். வாயை மூடிக்கொண்டு நட்டோம்.

"ஏன் எல்லாரும் ஊமையாப்போனியள்?" என்றா ஆச்சி. "கமலா, அந்தப் படத்தைச் சொல்லன் பிள்ளை. எனக்கு ஒருக்காக் கேக்க வேணும்."

கமலாசனி நிமிரவில்லை. நாற்றுப்பிடியைப் பிரித்து நட்டுக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். கப்பலைச் சொன்னாள், பெரிய கப்பல் என்றே சொன்னாள். காகத்தைச் சொன்னாள். மாலுமி வந்து சொன்ன பொய்யைச் சொன்னாள். பனியைச் சொன்னாள். புருஷன் நடந்து வந்ததைச் சொன்னாள். நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் "ம்" கொட்டினோம். விமலேஸ்வரி என்று ஒருத்தி, எங்களுக்குள் மிகப் பொல்லாத வாய்க்காரி, தில்லைநாதன் வவுனியாவில் இருக்கிறான் என்று முதலில் கதை கட்டியவளே அவள்தான். அவள் கேட்டாள், "கால் தெரியாத பனியோ கமலா?" என்று. "ஓம், கால் தெரியாது" என்றாள் கமலாசனி. விமலேஸ்வரியின் கண்ணிலிருந்து சேற்றில் விழுந்ததை ஆச்சி காணவில்லை. அவ காலை நீட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தா. அப்படி ஏழு போகம் நட்டோம்.

அறுபத்தாறாம் ஆண்டு மாசியில் நாகமுத்தாச்சி கண்ணை மூடினா. இரண்டு நாள் காய்ச்சல்தான். கடைசியில் நினைவு தப்பும்போதும் மகன் வந்தால் தன்னை எழுப்பச் சொன்னா. கமலாசனி எழுப்புகிறேன் என்றாள்.

செத்த வீட்டுக்குச் சுழிபுரத்திலிருந்தும் ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள். பறை முழங்கியது. பெண்கள் பிரேதத்தைச் சுற்றி இருந்து அழுதார்கள். கமலாசனி தலைமாட்டில் இருந்தாள். முதலில் அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, பறைகாரர்கூட ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். "என்ரை ராசா" என்று அழுதாள். "தண்ணி குடிக்காமல் போனியே" என்று அழுதாள். "காட்டிலை ஆர் உனக்குக் கண்ணை மூடினது? நான் பாவி, சோறு சமைச்சு வைச்சுக்கொண்டிருந்தனே" என்று நிலத்தில் தலையை மோதி அழுதாள். எங்கள் வாய்க்கால் பெண்கள் எல்லோரும் எழும்பிப்போய் அவளைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விமலேஸ்வரிதான் முதலில் போனாள்.

சுழிபுரத்திலிருந்து வந்த, காது கொஞ்சம் மந்தமான வயதான பெண் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "மாமிக்கு இப்பிடி அழுகிற மருமகளை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் என்னிடம். "குடுத்து வைச்ச மனுசி."

"ஓம்" என்றேன்.

கமலாசனி அழுதுகொண்டே புறங்கையால் நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். குங்குமம் கையிலும் கன்னத்திலும் இழுபட்டது. பாவம், பிள்ளைக்கு வேர்க்கிறது என்று சொல்லி, அந்தப் பெண் கிட்டப்போய் விசிறியால் விசிறிவிட்டார்.